மூட்டியல்: ஒரு முன்னாய்வு

மாமரம் வெட்டியாகிவிட்டது. மூடு நிற்கிறது. ஆய்வுப்பொருள் இவ்வளவுதான்.

வடக்கே அடிக்கட்டை என்பதை நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் மூடு என்கிறோம். மரம் நின்றாலும் மூடு, போனாலும் மூடு. நாகர்கோவில் வேப்பமூடும், நான் குடியிருக்கும் திருவனந்தபுரத்தின் புளிமூடும் பிளாமூடும் சான்று. புளிமூட்டில் பஸ் இறங்குகிற எவரும் புளி உலுக்க இறங்குவதில்லை. பிடுங்கும் செலவுக்கு அஞ்சிய முன்னோர், மூட்டுக்குப் பெயர் சூட்டிச் சந்தியாக்கிவிட்டார்கள் என்பது என் கருதுகோள்.

முந்தைய ஆய்வுகளில் ஒரு பெருங்குறை உண்டு. முதலாம் ராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்தான் அல்லவா? அந்தச் சாலை எங்கள் கடைத்தெருவை ஒட்டிய வலியசாலைதான் என்பார் உண்டு. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா என்று கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உட்படப் பலரும் வாதாடியிருக்கிறார்கள். மரக்கலம் என்றே வைத்துக்கொள்வோம். அத்தனை மரம் அறுத்த தூளை என்ன செய்தான்? ஆயிரம் ஆண்டாக ஒருவரும் கேட்கவில்லை.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாசன் எங்கள் கடைத்தெருவான சாலைக் கம்போளத்தை உண்டாக்கியது முதல் இங்கே விலைபோகாத சரக்கு கிடையாது. காலிச் சாக்குக்கு விலை உண்டு, அட்டைப்பெட்டிக்கு உண்டு, சிரட்டைக்கும் உண்டு. மர வியாபாரியோ, "அண்ணாச்சி, தடிக்கு நான் பைசா தாறேன். மூட்டுக்கு நீங்கதான் எனக்குத் தரணும்" என்றார். ஆக, ஒரே மரத்தில் இறங்க இறங்க விலை தேய்ந்து ஓரிடத்தில் பூச்சியமாகிறது. அதற்குக் கீழே கடன். அந்தப் பூச்சியக் கோட்டைக் காணக் கருவி வேண்டாம். வியாபாரி வாள் வைத்த இடமே அது. எங்கள் வீட்டில் தரையிலிருந்து ஒன்றரை முழம்.

அமெரிக்காவில் மூடு அரைக்கவே இயந்திரம் இருக்கிறது. பல் பதித்த சக்கரம் சுழன்று மண்ணுக்கடியில் அரையடி, ஓரடி வரை துருவியெடுக்கும். கூலி பெரும்பாலும் குறுக்களவு அங்குலக் கணக்கில். இதில் கணிதப் பிழை உண்டு: குறுக்களவு இரட்டித்தால் பரப்பு நாலு மடங்கு, கூலி இரண்டே மடங்கு. மூடு பிடுங்க ஜேசிபியைக் கூப்பிடலாமென்றால், எங்கள் சந்தில் சுமட்டுக்காரர் இருவர் எதிர்ப்பட்டாலே ஒருவர் ஒருக்களிக்க வேண்டும், ஜேசிபிக்கு வழியேது? கோடாலிக்காரர்தான் வந்தார். மூட்டை ஒருமுறை சுற்றினார், வேரை மிதித்துப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து விலை சொன்னார். மூன்றாவது அளவைதான் துல்லியமானது.

நாலு நாளில் மூடு சிராயும் தூளுமாயிற்று. மூடு பெயர்த்த குழியிலேயே கொட்டினேன். நிரம்பி வழிந்து மேலும் ஒரு குவியல். உதிர்ந்த மரம் இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். மிச்சத்தில் கொஞ்சத்தைக் கத்தரிப் பாத்தியில் கொத்திக் கலந்தேன். செடி வெளுத்தது. மரத்தூளில் கரிமம் ஏராளம், தழைச்சத்து சொற்பம்; மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பங்கை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மூடாக்காக மேலே பரப்பியிருந்தால் வினையில்லை. இது பிறகு படித்தது.

குவியலைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா கொம்பன் வண்டு என்றார். அவர் சொன்னது சரி. மக்கும் கழிவில் முட்டையிட்டுப் பெருகி, தென்னங்குருத்தைத் துளைக்கிற வண்டு. அவர் வீட்டுத் தென்னை மதிலுக்கு அப்புறம்தான்.

எனவே கம்போளத்தில் பத்துக் காலிச் சாக்கு காசு கொடுத்து வாங்கி, குவியலை வாரி நிறைத்தேன். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். காலியென்றால் எடுத்துக்கொள்வார்களாம். உள்ளே சரக்கு சேர்ந்ததும் விலை இறங்கும் சாக்கு உலக வணிக வரலாற்றில் இது முதலாவதாக இருக்கலாம்.

சாக்குகள் இன்னும் நடையில் இருக்கின்றன. மூடு இருந்த இடத்தில் மண் சமமாகிவிட்டது. நேற்றுப் பால்காரர் புதுப் பையனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தா, மாமூட்டு வீடு."