ஒரு டிரம், இரண்டு உத்தியோகம்

மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனுக்குத் தாள ஞானத்தைவிட முக்கியமானது ஆட்டோக்காரரின் மனநிலை. வயலின்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறிவிடுவார். புல்லாங்குழல்காரர் பைக்கில் வருவார்; குழலை எங்கே வைத்திருக்கிறார் என்றே தெரியாது. நான் மட்டும் பேஸ் டிரம், டாம், ஃப்ளோர் டாம், ஸ்னேர், சிம்பல் பை, ஸ்டாண்டு மூட்டை சகிதம் வாடகை வீட்டைக் காலி செய்தவன் மாதிரி தெருமுனையில் நிற்பேன். ஆட்டோக்காரர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, உருப்படிகளை எண்ணிப் பார்த்து, "லோடு வண்டி பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

குழுவில் எல்லோரும் தரும் யோசனை ஒன்றுதான்: எலக்ட்ரானிக் பேட் வாங்கு. ரோலண்ட் கம்பெனி 1985-இல் ஆக்டபேடைக் கொண்டுவந்த பிறகு டிரம்மர்களின் முதுகுவலி குறைந்தது உண்மைதான். தவில் முதல் இடி மின்னல் வரை ஒரு சூட்கேஸுக்குள் அடக்கம். ஆனால் எனக்குத் தோலில் அடித்தால்தான் அடித்த திருப்தி. அந்தத் தோலும் 1950-களின் கடைசியிலேயே கன்றுக்குட்டியை விட்டுவிட்டு மைலார் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டது என்பதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, எதைக் குறைப்பது? பேஸ் டிரம் இல்லாவிட்டால் குத்துப்பாட்டு நிற்காது. சிம்பல் இல்லாவிட்டால் டிரம்மருக்கு மரியாதை நிற்காது. கைவைக்கத் தோதானவை இரண்டு: முழங்கால்களுக்கு நடுவே 'சடார்' என்கிற ஸ்னேர், வலது பக்கம் மூன்று காலில் நின்று 'தொம்' என்கிற ஃப்ளோர் டாம். இரண்டு வேலையையும் ஒரே டிரம் பார்த்துவிட்டால், ஆட்டோவில் நானும் உட்காரலாம்.

வீட்டில் பட்ஜெட் ஒப்புதலுக்கு பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரைச் சாட்சிக்கு அழைத்தேன். 1963-இல் அவர் வாங்கிய முதல் லட்விக் செட்டில் ஸ்னேரும் 14 அங்குலம், ஃப்ளோர் டாமும் 14 அங்குலம். வாய் அகலம் ஒன்றே, ஆழம்தான் வேறு.

"ஆனா அவரு ரெண்டு வச்சிருந்தாருல்ல?" என்றாள் மனைவி.

பீட்டில்ஸைப் பற்றி அவளிடம் அதற்குமேல் பேசவில்லை.

கடையில் ஒரு தம்பி இருந்தான். ஆழமான ஒரு டிரம்மைக் காட்டி, "இது ஸ்னேரா, டாமா?" என்றேன்.

"உங்களுக்கு எது சார் வேணும்?"

"ரெண்டும்."

"அப்ப இது ரெண்டும்தான் சார்."

அவன் காட்டியது 14-க்கு 14 ஃப்ளோர் டாம். கீழே ஸ்னேர் கம்பியை மாட்டிக்கொள்ளலாம் என்றான். மாட்டலாம், படியாது. ஸ்னேரின் அடி விளிம்பில், கம்பிகள் குறுக்கே போகும் இரண்டு இடத்திலும் லேசாகப் பள்ளம் இழைத்திருப்பார்கள். அதனால்தான் கம்பிகள் தோலோடு ஒட்டிப் படுக்கும். டாமின் விளிம்பு சுற்றிலும் ஒரே சமம். அதில் கம்பியைக் கட்டினால் அடித்தாலும் கரகரக்கும், அடிக்காவிட்டாலும் கரகரக்கும். என் தீர்ப்பு இதுதான்: ஸ்னேர் டாமாக நடிக்கும், டாம் ஸ்னேராக நடிக்காது. இந்த நப்பாசை உள்ளவர்கள் ஸ்னேர் அலமாரிப் பக்கம் போவது நல்லது.

தம்பி விடவில்லை. அமெரிக்க பார்களில் 1950-களில் ஓடிய காக்டெயில் செட்டைப் பற்றிச் சொன்னான். நெட்டையான ஒரே டிரம். மேல்தோலுக்கு அடியில் ஸ்னேர் கம்பி. காலால் மிதித்தால் பெடல் கீழிருந்து மேலாக அடித்தோலை அடிக்கும். வாசிப்பவர் நின்றுகொண்டே வாசிப்பார். அருமையான ஏற்பாடு. ஆனால் கல்யாண வரவேற்பில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறவனிடம் "ஐஸ்கிரீம் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள்.

கடைசியில் 14 அங்குல அகலம், 8 அங்குல ஆழத்தில் மரத்தால் ஆன ஒரு ஸ்னேரை எடுத்தேன். வழக்கமான ஸ்னேர் ஐந்து, ஆறு அங்குல ஆழம்தான் இருக்கும். இது கனமாகப் பேசும். மேல்தோலை இளக்கி, பக்கத்து லீவரைத் தட்டினால் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். 'சடார்' போய் 'தொம்' வரும்.

ஏறக்குறைய 'தொம்'. டாமின் அடித்தோல் 10 மில் வரை தடிமன் இருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்னேரின் அடித்தோலோ பொதுவாக வெறும் 3 மில். கம்பியைச் சிலிர்க்க வைக்கத்தான் அத்தனை மெல்லிசு. அதை வைத்துக்கொண்டு டாமின் நீண்ட முனகலை எதிர்பார்க்க முடியாது. நடுவாந்திரமாக 5 மில்லிலும் உண்டு. நான் மாட்டியிருப்பது அதுதான். இப்போது ஸ்னேர்க்காரர்கள் "டாம் மாதிரி இருக்கே" என்கிறார்கள், டாம்காரர்கள் "ஸ்னேர் மாதிரி இருக்கே" என்கிறார்கள். இரண்டு வேலையும் நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சில்லறைத் தொந்தரவுகள் உண்டு. கம்பி தோலோடு ஒட்டியிருக்கும்போது கீபோர்டுக்காரர் கீழ்ஸ்தாயியில் அழுத்திப் பிடித்தால், நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் டிரம் தானாக ஆமோதிக்கும். பாட்டுக்கு நடுவில் லீவரைத் தட்டினால் 'டக்' என்று மைக்கில் விழும். பாடகர் என்னை முறைப்பார். நான் தபேலாக்காரரை முறைப்பேன்.

மிருதங்கக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. ஒரே மரத்தில் வலந்தலைக்கு ஒரு குரல், தொப்பிக்கு ஒரு குரல். ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியில் அப்பினால் கனமான நாதம்; கச்சேரி முடிந்ததும் சுரண்டிவிடலாம். இதை வீட்டில் பொறாமையோடு சொன்னபோது, "நீங்களும் தடவுங்களேன், ரவைக்கா பஞ்சம்?" என்றாள் மனைவி. மைலாரில் ரவை ஒட்டாது என்றேன். ஒட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்தது.

அப்புறம் மறுபடி ரிங்கோதான் கைகொடுத்தார். பீட்டில்ஸின் பிற்காலப் பதிவுகளில் அவர் டாம்கள்மேல் சமையலறைத் துணியைப் போர்த்தி வாசித்திருக்கிறார். துணி மேலே கிடந்தால் தோலின் மணியோசை அடங்கி, அடி ஆழமாகக் கேட்கும். நம் வீட்டுத் தேங்காய்ப்பூத் துண்டு அதற்கென்றே நெய்தது. லீவரை இறக்கு, துண்டைப் போடு: ஃப்ளோர் டாம். துண்டை எடு, லீவரை ஏற்று: ஸ்னேர். மொத்தச் செட்டும் ஒரே ஆட்டோவில், என் மடியில் சிம்பல்.

போன முகூர்த்தத்தில் ஒரு வரவேற்பு. குத்துப்பாட்டு, மண்டபத்தில் ஏசி வேலை செய்யவில்லை. துண்டின்மேல் 'தொம் தொம்' என்று நான் இறங்கிக்கொண்டிருந்தபோது, சரணத்துக்கு முன்னால் பாடகர் என் பக்கம் வந்தார். உற்சாகப்படுத்த வருகிறார் என்று பல்லைக் காட்டினேன். குனிந்து துண்டை எடுத்து, முகத்தை அழுத்தித் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு மேடையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். அடுத்த அடி 'டொய்ங்' என்றது. அன்று சாயந்திரம் முழுக்க வீடியோக்காரர் என் பக்கம் கேமராவைத் திருப்பியது அப்போது மட்டும்தான்.