கேள்வி-பதில்: லாக்கில் நிற்பது தண்டமா?

கேள்வி: தேம்ஸ் நதியில் ஒரு நாள் படகில் போகலாமென்றால், வழியெல்லாம் லாக் என்று நிறுத்துவார்களாமே! டோல்கேட்டில் நிற்கவா இங்கிலாந்து வரை போகவேண்டும்?

பதில்: டோல்கேட்டை எடுத்துவிட்டாலும் சாலை இருக்கும். லாக்கை எடுத்துவிட்டால் நீங்கள் ஆசைப்படும் நதியே இருக்காது. லெச்லேடிலிருந்து டெடிங்டன் வரை குறுக்கே தடுப்பணைகள் கட்டித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். மழை குறைந்த கோடையிலும் படகு தரைதட்டாமல் மிதப்பது அதனால்தான். ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததற்குப் படகை ஏற்றி இறக்கத்தான், நீர்மட்டத்தை மாற்றும் தொட்டிகளான அந்த 44 லாக்குகளும். அவை வருவதற்கு முன் தடுப்பணையின் பலகைகளை உருவி, பாயும் வெள்ளத்தோடு படகைக் கீழே விடுவார்கள். மேலே வரும் படகை அதே வெள்ளத்துக்கு எதிராகக் கயிறு கட்டி இழுப்பார்கள். படகுகள் கவிழ்ந்தன, உயிர்கள் போயின. தேக்கிய தண்ணீர் வீணாகிறதே என்று, அதில் ஆலை ஓட்டிய மில்காரர்கள் பலகையைத் தொடவே விடாமல் படகுக்காரர்களைக் காக்கவைத்ததும் உண்டு. 1630-களில் ஆக்ஸ்ஃபர்ட் பக்கம் இஃப்லியிலும் சாண்ட்ஃபர்டிலும் இரண்டு முனையிலும் கதவு வைத்த லாக் வந்தது. ஆனாலும் பலகை உருவும் பழைய முறை முழுக்க ஒழிய 1930-கள் ஆயின. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய கால் மணி நேரக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: சரி, அந்தக் கால் மணி நேரம் என்ன செய்வது? அணை கட்டினால் மீனுக்கும் தடைதானே?

பதில்: கை கட்டி உட்காரமுடியாது. எஞ்சினை அணைத்து, முன்னும் பின்னும் கயிற்றைக் கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். முடிச்சுப் போட்டுவிட்டால், தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிவிடும். நீர்வழியை மூடியிருக்கும் ஷட்டரைத் தூக்கியதும் தண்ணீர் தானாகவே இறங்கும். பம்பு எதுவும் கிடையாது. மேல்பக்கக் கதவின் இரு பாதிகளும் நீர் வரும் திசையைப் பார்த்துக் கூம்பி நிற்பதால், நீர் அழுத்த அழுத்த இறுகும். இருபுறமும் மட்டம் ஒன்றாகும்வரை எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது. மீனைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஏறிவரும் மீனுக்குத் தடுப்பணை சுவர்தான். அதற்காகப் பல இடங்களில் மீன்கள் ஏறிச்செல்லத் தனி வழி அமைத்திருக்கிறார்கள்; எல்லா இடத்திலும் அமைக்கவேண்டும் என்பதே என் கட்சி. அதற்காக அணைகளை இடித்தால் மட்டம் இறங்கி, படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். இதற்குமேலும் நிற்கப் பிடிக்காதென்றால் பென்சன் லாக்கிலிருந்து க்ளீவ் லாக் வரை போங்கள்: சுமார் 10 கி.மீ.க்கு இடையில் ஒரு லாக்கும் இல்லை. மணிக்கு 8 கி.மீ. என்ற வேக வரம்புக்குள் போனாலே ஒன்றேகால் மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கும். க்ளீவைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டரிலேயே கோரிங் லாக். கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள்.