வண்டல் வேலைநிறுத்தம் செய்வதில்லை

கேள்வி: கொல்கத்தா துறைமுகம் சரிந்ததற்குத் தொழிற்சங்கங்கள் இயந்திரங்களை எதிர்த்ததுதானே காரணம்?

பதில்: பழியில் பெரும்பங்கு ஹூக்ளி நதிக்குப் போய்ச் சேர வேண்டும். கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆற்றுத் துறைமுகம் அது. வண்டல் படியப் படிய, பெரிய கப்பல்கள் வர முடியாமல் போயின. வண்டலுக்குச் சங்கமும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஒருநாள்கூட அது வேலைநிறுத்தம் செய்ததில்லை. 1975இல் ஃபராக்கா அணையும் 1977இல் ஹால்டியா துறைமுகமும் அதற்கான மருந்தாகவே வந்தன.

சங்கங்களின் அச்சமும் வெறும் பிடிவாதமல்ல. மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைக்குச் சோறு என்றிருந்த கப்பல்துறைக் கூலிகளுக்கு, 1948ஆம் ஆண்டுச் சட்டம்தான் பதிவும் வேலை உறுதியும் பெற வழிசெய்தது. பிறகு கண்டெய்னர் வந்தது. பல குழுக்கள் நாள்கணக்கில் சுமந்ததைக் கிரேன் ஓட்டுநர் ஒருவர் உட்கார்ந்தபடியே இறக்கினார். (கப்பல்துறைக்கு மட்டுமான வியாதியல்ல இந்த இயந்திர அச்சம், 1960களில் இதே நகரில் எல்.ஐ.சி. ஊழியர்கள் கணினி நுழையாமல் கட்டடத்துக்குக் காவல் நின்றார்கள்.)

மோதல் உச்சத்துக்குப் போனது ஹால்டியாவில். அங்கே 2ஆம், 8ஆம் கப்பல் தளங்களை இயந்திரமயமாக்கி நடத்திய ஏ.பி.ஜி. கூட்டு நிறுவனம், 2012 செப்டம்பரில் 275 தொழிலாளர்களை நீக்கியது. போராட்டம் வெடித்தது. தன் அதிகாரிகள் கடத்தப்பட்டதாக நிறுவனம் புகார் செய்தது. அக்டோபர் 31 அன்று ஹால்டியாவை விட்டே வெளியேறுவதாக அறிவித்தது.