நகை பீரோவிலேயே இருக்கட்டும்!

கேள்வி: அரசுப் பள்ளியில் படித்த என் மகன் பிளஸ் டூவில் 65 சதவீதம்தான் எடுத்திருக்கிறான். இருக்கிற நகையை விற்று, நிர்வாக ஒதுக்கீட்டில் இன்ஜினீயரிங் சேர்த்துவிடலாமா?

– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அவசரமே வேண்டாம் அம்மா, நகை பீரோவிலேயே இருக்கட்டும்! முதலில் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே பார்ப்பது மொத்த சதவீதத்தை அல்ல. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குப் போடும் கட்-ஆஃபை. ஆங்கிலத்தில் மார்க் குறைந்திருந்தாலும் அங்கே குறுக்கே நிற்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அந்த இடம் தவறினாலும், கலந்தாய்வில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2024-இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

மீதிக்குக் கல்விக் கடன்: 4 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது. இன்ஜினீயரிங் பிடிக்கவில்லை என்றால், குறைந்த கட்டணத்தில் அரசு கலைக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன.

65 என்பது தோல்வி மார்க் அல்ல. எதைப் படிக்க ஆசை என்று மகனிடம் இன்றே கேளுங்கள். சான்றிதழ்களை நாளைக்கே வாங்கி வையுங்கள்.