கதவை இழுத்துக்கிட்டு வா!

பலெர்மோவில் ஜுசெப்பே பித்ரே என்றொரு டாக்டர் இருந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக, கதை சேர்த்தார். 1875-இல் நான்கு தொகுதிகளாக வந்த அவருடைய சிசிலிக் கதைகளில் பல முத்துகளைச் சொன்னவர், பஞ்சுப் போர்வை தைத்துப் பிழைத்த அகதுட்ஸா மெஸ்ஸியா. அந்தப் பாட்டிக்கு எழுத்து வாசனையே கிடையாது. நம்மூர் நூலகத்தில், "கையெழுத்து எங்கே?" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அக்கதைகளில் ஜுஃபா என்றொரு மண்டு. "வரும்போது கதவை இழுத்துக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு அம்மா பூசைக்குப் போனாள். பிள்ளை கதவைப் பெயர்த்து, தேவாலயம் வரை இழுத்துக்கொண்டே போனான். பரமார்த்த குருவின் சீடர்களுக்குச் சித்தப்பா மகன்! அந்தச் சீடர்களை நமக்குத் தந்த வீரமாமுனிவரும் இத்தாலிக்காரர்தானே.

கதவு என்றதும் நான் படித்த பள்ளி ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே நூலகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ. ஆறு வருஷம் புத்தகங்களின் முதுகை மட்டும் பார்த்தோம். சாவி தலைமையாசிரியர் இடுப்பில். கேட்டால், "கிழிச்சிடுவீங்கடா" என்பார். அந்த வேலையை உள்ளே கரையான் நேர்த்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜுஃபாவை ஒரே ஒரு பீரியடுக்கு அனுப்பியிருக்கலாம். "தம்பி, போகும்போது பீரோ கதவை இழுத்துட்டுப் போ" என்றால் போதும்.