புற்றுமண்ணும் புண்ணும்

கேள்வி: நர்ஸிங் படிக்கிறேன். சர்க்கரைப் புண்ணோடு வந்த ஆச்சி ஒருவர், கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைக் காயத்தில் பூசச் சொல்கிறார். தடுத்தால் மனம் நோகும், விட்டால் புண் நோகும். என்ன செய்வது?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: இந்தக் கேள்விக்கு உங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை! சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று நாக அரசர்களான சங்கனும் பதுமனும் வழக்காட, ஒரே திருமேனியில் சிவனும் திருமாலுமாக நின்று வழக்கை முடித்த தலம் அது. துளசித் தீர்த்தமும் உண்டு, திருநீறும் உண்டு. அதே இணக்கத்தை வார்டுக்குள் கொண்டுவாருங்கள்.

மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். திறந்த புண்ணில் மண் படக்கூடாது. இதில் பேரமே இல்லை. ஆனால், “தூக்கிப் போடுங்க” என்று சொல்லிவிடாதீர்கள். “ஆச்சி, அம்மன் மண்ணை நெத்தியில இட்டுக்கிடுங்க. புண்ணை நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிப் பாருங்கள். மிச்ச மண் பொட்டலமாகத் தலையணைக்கு அடியில் இருக்கட்டும்.

நோயாளியின் நம்பிக்கையை அறிந்து பராமரிப்பதை ஒரு துறையாகவே வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர். அதற்காக மானுடவியல் படித்து, பப்புவா நியூகினி மக்களோடு தங்கி ஆராய்ந்தார். உங்களுக்கு அந்தப் பயணம் வேண்டாம். உங்கள் கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். வெள்ளியில் பாம்பும் தேளும் வாங்கி உண்டியலில் போடுகிறவரின் மனசு உங்களுக்குத் தெரியும். பெருமைப்படுங்கள், அது உங்கள் தகுதி.

இன்னொன்று: சிலர் அந்த மண்ணைக் கரைத்துக் குடிப்பதும் உண்டு. ஆச்சியிடம் பக்குவமாகக் கேட்டு, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.