பாரா, ஷேக்கா?

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். ஷேக் கலக்க நேரமில்லை. கடையில் விற்கும் புரோட்டீன் பாரைச் சாப்பிட்டால் போதுமா?
– வாசகர், ஓட்டப்பிடாரம்

பதில்: பஸ் பயணத்துக்குப் போதும், தினப்படிக்கு வேண்டாம். ஷேக்கில் கலக்கும் ஒரு கரண்டி வே பவுடரில் 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். பாரில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு; சர்க்கரைப் பாகும் கொழுப்பும் டிக்கெட் எடுக்காமல் கூடவே ஏறிக்கொள்ளும். உறையைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசியுங்கள். புரதத்தைவிடச் சர்க்கரை அதிகமென்றால் அது சட்டை மாற்றிய மிட்டாய்!

மிட்டாய்தான் என்றால் பக்கத்திலேயே கோவில்பட்டி இருக்கிறதே! 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய். நிலக்கடலை, வெல்லம், ஒளிவுமறைவே கிடையாது. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம். ஆனால் வெல்லமும் இனிப்புதான். ஒன்றிரண்டு துண்டோடு கை நிற்கட்டும்.

அதைவிட, உங்கள் கரிசலில் விளையும் உளுந்தையும் பாசிப்பயற்றையும் ஏன் மறந்தீர்கள்? 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குபவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். காலையில் முளைகட்டிய பயறு, இரண்டு அவித்த முட்டை. பார் வாங்கும் காசில் வீட்டுக்கே வாங்கலாம்.